“அம்மா, அந்தப் பாடம் கெட்ட பாடமா?”

கேள்வி: எங்கள் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த மாதம் ‘குடும்பங்களும் மனிதர்களும்’ என்ற தலைப்பில் ஆறு பாடவேளைகள் நடக்கும் என்று பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இரண்டு அம்மாக்கள் இருக்கும் ஒரு குடும்பத்தின் படக்கதை, ஒரு திருநங்கையைப் பற்றிய கதை, ஆண் வேலை பெண் வேலை என்று பிரிப்பது சரியா என்ற கலந்துரையாடல் எல்லாம் உண்டாம். அன்று இரவிலிருந்து பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு எரிகிறது. ‘பிஞ்சிலே பழுக்க வைக்கிறார்கள்’, ‘இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு’ என்று ஒரு பக்கம். ‘நீங்கள் எந்தக் காலத்தில் வாழ்கிறீர்கள்’ என்று இன்னொரு பக்கம். பாடத்தை நிறுத்தச் சொல்லும் மனுவில் என் கணவர் கையெழுத்திட்டுவிட்டார். நிறுத்தாவிட்டால் அந்த நாட்களில் மகளை வகுப்பில் உட்கார வைக்கப்போவதில்லை என்கிறார். அவர் மோசமான மனிதர் இல்லை. மகள் மீது உயிரையே வைத்திருப்பவர். நான் கையெழுத்திடவில்லை, ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நேற்று இரவு மகள் கேட்டாள்: “அம்மா, அந்தப் பாடம் கெட்ட பாடமா?” நான் “போய்த் தூங்கு” என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை நான் பலமுறை படித்தேன். சுற்றறிக்கை, மனு, வாட்ஸ்அப் சண்டை எல்லாவற்றையும்விட அவசரமானது உங்கள் மகளின் கேள்விதான். அந்தப் பாடத்தில் ஒரு பக்கத்தைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் அது கெட்டதாக இருக்குமோ என்ற எண்ணம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த அறையில் நீங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசியதிலிருந்து வந்திருக்கலாம். கைபேசியில் சத்தமாக ஓடிய குரல் பதிவிலிருந்து வந்திருக்கலாம். அவள் உள்ளே வந்ததும் சட்டென்று பேச்சு நின்றதே, அதிலிருந்தும் வந்திருக்கலாம். எட்டு வயதில் பெரியவர்களின் சொற்கள் பாதிதான் புரியும். முகம் முழுவதும் புரியும்.

ஆகவே முதல் வேலையாக அவளுக்குப் பதில் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள். “நேற்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அது கெட்ட பாடம் இல்லை. அதை எந்த வயதில் சொல்லித்தர வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்பாவும் அதைப் படித்துப் பார்க்கப்போகிறோம். படித்த பிறகு உன்னோடு பேசுகிறேன்.” இவ்வளவு போதும். அவள் அதற்கு மேல் கேட்டால் மட்டும் மேலே பேசுங்கள். கேட்காவிட்டால் போர்வையைப் போர்த்திவிட்டு விளக்கை அணையுங்கள்.

படித்துப் பார்க்கிறோம் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டால் படித்தே ஆக வேண்டும். அதுதான் அடுத்த வேலை. இத்தகைய பெற்றோர் கூட்டங்களில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் ஒரு தந்தை கைபேசியில் ஒரு படத்தைக் காட்டிக் கொதித்தார். “இதையா என் பிள்ளைக்குக் காட்டப்போகிறீர்கள்?” என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் புத்தகத்தை எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். அந்தப் படம் அதில் எங்கும் இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கான வேறு ஏதோ புத்தகத்திலிருந்து யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தத் தந்தை பொய் சொல்லவில்லை. தனக்கு வந்ததை நம்பினார், பிள்ளைக்காகப் பதறினார். உங்கள் குழுவில் சுற்றுபவை எவை, பள்ளி உண்மையில் கையில் வைத்திருப்பது எது என்று பிரித்துப் பார்க்காமல் நீங்களோ உங்கள் கணவரோ எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இதில் நம் மொழியும் கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. ‘பாலியல்’ என்ற சொல்லை நாம் எங்கே பார்க்கிறோம்? பாலியல் வன்கொடுமை, பாலியல் சீண்டல், பாலியல் குற்றம். செய்தித்தாளில் இருபது முறை அப்படிப் படித்துவிட்டு, இருபத்தோராவது முறை ‘பாலியல் கல்வி’ என்று படித்தால் நெஞ்சு திக்கென்கிறது. உடலுறவு, பாலினம், யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது, இவை மூன்றும் தனித்தனி விஷயங்கள். மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டி வந்தது. உங்கள் கணவர் ‘எட்டு வயதில் இது எதற்கு’ என்று கேட்கும்போது ‘இது’ என்று எதைச் சொல்கிறார் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். உடலுறவைப் பற்றிய பாடம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவருடைய பதற்றத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

இந்த வயதுக்கு எது பொருந்தும் என்பதற்கு வழிகாட்டுதல்கள் இல்லாமல் இல்லை. யுனெஸ்கோ 2009-ல் வெளியிட்டு 2018-ல் திருத்திய சர்வதேச வழிகாட்டி, பிள்ளைகளை 5 முதல் 8, 9 முதல் 12, 12 முதல் 15, அதற்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரிக்கிறது. முதல் பிரிவில் இருப்பது பெரும்பாலும் எளிய விஷயங்கள்: குடும்பங்கள் பல வகைப்படும், உடல் உறுப்புகளுக்குப் பெயர் உண்டு, உன் உடல் உன்னுடையது, பிடிக்காத விதத்தில் யாராவது தொட்டால் நம்பிக்கையான பெரியவரிடம் சொல், வேறுபட்டிருக்கிறார் என்பதற்காக ஒருவரைக் கேலி செய்யாதே. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் ‘உறவுகள்’ குறித்த பாடம் கட்டாயம். அதிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள முடியாது. உடலுறவு, இனப்பெருக்கம் குறித்து ஒரு தொடக்கப் பள்ளி தனியாகப் பாடம் நடத்தினால் அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அந்தக் கோடு எனக்குச் சரியாகவே படுகிறது. மனிதர்களைப் பற்றிச் சொல்வது எல்லோருக்கும் பொது. உடலுறவைப் பற்றிச் சொல்வதில் நேரத்தையும் விதத்தையும் முடிவு செய்ய வீட்டுக்கு ஒரு இடம் வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களும், சுற்றறிக்கை சொல்வது உண்மையானால், கோட்டின் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டு அம்மாக்கள் என்று ஒரு கதை சொன்னால் அது படுக்கையறைக் கதை ஆகிவிடாது. ஓர் அப்பா, ஓர் அம்மா என்று நாம் இத்தனை காலமும் சொல்லிவந்த கதைகளைக் கேட்டு எந்தக் குழந்தையும் படுக்கையறையை நினைத்ததில்லையே.

‘ஆனாலும் எட்டு வயதா? பத்து, பன்னிரண்டு ஆகட்டுமே’ என்பது பல பெற்றோர் நேர்மையாகக் கேட்கும் கேள்வி. இதற்குத்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்கும் என் தொழிலில் தினமும் பார்ப்பது இது.

இரண்டு, மூன்று வயதிலேயே குழந்தை தன்னைப் பையன் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்கிவிடுகிறது. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் அதற்கான சட்டதிட்டங்களையும் தானாகவே தொகுத்து வைத்துக்கொள்கிறது. அந்த வயதில் குழந்தைகளைப் போல் கறாரான காவலர்கள் யாரும் இல்லை. “பையன்கள் அழக் கூடாது”, “இது பெண்களின் நிறம்”, “நீ எங்களோடு விளையாட முடியாது, நீ பெண்.” யாரும் உட்கார வைத்துக் கற்பித்ததில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து அவர்களே சட்டம் எழுதிக்கொள்கிறார்கள். 2017-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. மிக மிகப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, இந்தப் படங்களில் அவர் யாராக இருப்பார் என்று சிறு பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஐந்து வயதில் பெண்கள் பெண்ணையும் பையன்கள் ஆணையும் ஏறக்குறைய ஒரே அளவில் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதிலேயே பெண் குழந்தைகள் பெண்ணைக் காட்டுவது குறைந்துவிட்டது. ‘மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு’ என்று ஒன்றைச் சொன்னால் அதில் சேரும் ஆர்வமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆறு வயதுக்குள் இது நடந்துவிடுகிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இன்னோர் ஆய்வும் எனக்கு மிகவும் பிடித்தது. 1990களில் அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளரின் குழு, கோடைக்காலப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு நீலச் சட்டையும் மஞ்சள் சட்டையும் கொடுத்தது. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் சட்டையின் நிறத்தைச் சொல்லியே வரிசையில் நிற்க வைத்தார்கள், உட்கார வைத்தார்கள். மற்ற வகுப்புகளில் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. சில வாரங்களில், நிறத்தைச் சொல்லிப் பழக்கிய வகுப்புகளில் பிள்ளைகள் தங்கள் நிறத்தார்தான் மேல் என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். கண்டுகொள்ளாத வகுப்புகளில் அப்படி நடக்கவில்லை. சட்டைக்கே இந்தக் கதி என்றால், பிறந்த நாளிலிருந்து பிரித்துப் பிரித்து நிறுத்தும் ஆண், பெண் என்ற வரிசைகள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் பேசத் தொடங்கினால், கெட்டித்துப்போன ஒன்றை உடைக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சட்டங்கள் வகுப்பறையில் யார் மீது விழுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். ஒன்பது வயதுச் சிறுவன். காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போகாத நாளில் வலி இல்லை. மருத்துவப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்ததால் என்னிடம் அனுப்பினார்கள். முதல் இரண்டு சந்திப்பில் படம் வரைந்துகொண்டே இருந்தான், பேசவில்லை. மூன்றாவது சந்திப்பில் கேட்டான்: “எனக்கு எப்போது பத்து வயது ஆகும்?” ஏன் என்றேன். யாராவது வயதைக் கேட்டால் அவனால் ‘ஒன்பது’ என்று சொல்ல முடியவில்லை. வகுப்பில் அவனை எல்லோரும் அழைத்த பெயரே அதுதான். நம் மொழியில் அந்த எண்ணுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவன் செய்த குற்றம், மென்மையான குரலில் பேசியதும் பந்து விளையாடப் பிடிக்காமல் போனதும். அவ்வளவுதான். அவன் வளர்ந்து யாராக இருப்பான், யாரை விரும்புவான் என்பது அவனுக்கும் தெரியாது, அவனைக் கேலி செய்த பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகள் யாரும் கொடியவர்களும் இல்லை. ஒரு திருநங்கையை மனிதராக அறிமுகம் செய்யும் ஒரு கதையை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தெருவில் கேட்ட வசைச்சொல் மட்டுமே தெரியும். அதைக் கொண்டுவந்து வகுப்பில் போட்டார்கள். ஆசிரியை கேட்டும் கேட்காதது போல் இருந்தார், ஏனென்றால் அந்த விஷயத்தை எப்படிப் பேசுவது என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

பேசாமல் இருப்பதால் வரும் விளைவைப் பிரிட்டன் நீண்ட காலம் அனுபவித்தது. தன்பாலீர்ப்பை உள்ளாட்சி அமைப்புகள் ‘ஊக்குவிக்கக் கூடாது’ என்று 1988-ல் அங்கே ஒரு சட்டப் பிரிவு வந்தது. ஸ்காட்லாந்தில் 2000-லும் இங்கிலாந்து, வேல்ஸில் 2003-லும்தான் அது நீங்கியது. அந்தப் பிரிவின் கீழ் யாரும் தண்டிக்கப்படவே இல்லை. ஆனால் ஆசிரியர்கள் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்கள். கேலிக்கு ஆளான பிள்ளைக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னால்கூட அது ‘ஊக்குவிப்பு’ ஆகிவிடுமோ என்று தயங்கினார்கள். ஏறக்குறைய ஒரு தலைமுறை அப்படியே படித்து முடித்தது.

உங்கள் கணவர் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அச்சமும் இருக்கக்கூடும். பல தந்தைகள் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு தனியாக வந்து என்னிடம் கேட்பது அது: “இதையெல்லாம் கேட்டு என் பிள்ளையும் அப்படி ஆகிவிட்டால்?” இதை இழிவாக நினைக்காமல் பதில் சொல்ல வேண்டும். இன்று நடுவயதில் இருக்கும் தன்பாலீர்ப்புள்ளவர்கள் படித்த புத்தகங்களில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பம்தான் இருந்தது. அவர்கள் கேட்ட கதைகளில் ராஜகுமாரன் ராஜகுமாரியைத்தான் மணந்தான். அத்தனை கதைகளும் சேர்ந்து அவர்களை மாற்ற முடியவில்லை. ஒரு படக்கதை உங்கள் மகளை மாற்றிவிடும் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தன்பாலீர்ப்பு நோயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கியது 1990 மே 17 அன்று. பாடத்தால் ஒருவேளை மாறக்கூடியது ஒன்று உண்டு: நாளை உங்கள் மகளோ அவள் தோழியோ அப்படி இருந்தால், அதை வீட்டில் சொல்ல அவளுக்குத் துணிவு வரலாம். அதை இழப்பு என்று உங்கள் கணவர் நினைக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

வளரும் பிள்ளைகளுக்குப் பாலின மாற்றம் தொடர்பான மருத்துவச் சிகிச்சைகள் எந்த வயதில், எப்படி என்பது வேறு விஷயம். அதில் மருத்துவர்களுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் அதற்கு இடமில்லை. உங்கள் பள்ளியின் பாடத்தில் அது இருந்தால் நானும் உங்கள் கணவரோடு சேர்ந்து ஆட்சேபிப்பேன்.

‘வெளிநாட்டுச் சரக்கு’ என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் மனிதர்களை எப்படிச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்களுக்கென்று தனி ஈறு இல்லை; உயர்திணைக்குரிய ஈறுகளாலேயே சொல்ல வேண்டும் என்கிறது. உயர்திணை. இன்றும் ஒரு திருநங்கையைப் பார்த்து ‘அது வருது பார்’ என்று பெரியவர்கள் பிள்ளைகள் காதுபடச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த விதி நினைவுக்கு வரும். இலக்கணமே மனிதர் என்று வைத்தவர்களைப் பேச்சில் அஃறிணைக்குத் தள்ளியது நாம்தான். அந்த வகுப்பிலிருந்து உங்கள் மகள் ‘அவர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கற்று வந்தாலும் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். எதிர்க்கும் பெற்றோரை ‘பழமைவாதிகள்’ என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. தங்கள் நம்பிக்கையின்படி பிள்ளையை வளர்க்க விரும்புவது தவறில்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய கதைப் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்து, வேண்டாம் என்போரின் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளவும் அனுமதித்தார்கள். 2023-ல் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். பல மதத்துப் பெற்றோரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் பெற்றோர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் முழுக் காரணங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தெரிவிப்பதை நிறுத்தியது பெரிய பிழை என்றே நினைக்கிறேன். நேற்று வரை சொன்னதை இன்று சொல்லாமல் விட்டால், மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் எந்தப் பெற்றோருக்கும் தோன்றும்.

2019-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இதே காரணத்துக்காகத் தொடக்கப் பள்ளிகளின் வாசலில் பல மாதங்கள் போராட்டம் நடந்தது. ஒரு பள்ளி பாடத்தை நிறுத்திவைத்து, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி, சிலவற்றைத் திருத்தி, செப்டம்பரில் மீண்டும் தொடங்கியது. இன்னொரு பள்ளியின் வாசலில் ஒலிபெருக்கிகள் ஓயவில்லை. கடைசியில் நீதிமன்றம் அந்த இடத்தில் போராடத் தடை விதித்தது. இரண்டு பள்ளிகளிலும் பிள்ளைகள் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். அதை நினைத்துத்தான் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் வாதாடப் போக வேண்டாம் என்கிறேன். ‘பாடப் பொருளை நேரில் பார்க்கப் பள்ளியிடம் நேரம் கேட்டிருக்கிறேன், வர விரும்புவோர் வரலாம்’ என்று ஒரே ஒரு செய்தி போடுங்கள். அதற்குப் பிறகு அங்கே எதற்கும் பதில் சொல்லாதீர்கள்.

பள்ளிக்கு உங்கள் கணவரோடு போங்கள். அவர் வருவதே எனக்கு முக்கியம். படங்களையும் கதைகளையும் முழுவதும் பார்த்த பிறகு சில கேள்விகள் கேளுங்கள். இதை நடத்தப்போகும் ஆசிரியருக்குப் பயிற்சி கிடைத்திருக்கிறதா? ‘குழந்தை எப்படிப் பிறந்தது’ என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வார்? நீ யார், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று எந்தப் பிள்ளையையாவது வகுப்பில் எழுந்து சொல்லச் சொல்வார்களா? சொல்லச் சொல்லக் கூடாது. வகுப்பில் பேசியதை வீட்டில் சொல்லாதே என்ற தொனி எங்காவது வருகிறதா? வந்தால் அதை விடாதீர்கள். எந்தப் பாடத்திலும் அது ஆபத்து. நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி இது: ஒரு பிள்ளை எழுந்து “எங்கள் வீட்டில் இது தவறு என்று சொல்வார்கள்” என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? “வீட்டுக்கு வீடு நம்பிக்கைகள் வேறுபடும். உன் வீட்டில் சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். இந்த வகுப்பில் யாரையும் அவர்கள் இருக்கும் விதத்துக்காகக் கேலி செய்யக் கூடாது” என்று சொல்லத் தெரிந்த ஆசிரியரிடம் நான் என் பேத்தியை நம்பி அனுப்புவேன். அந்தப் பிள்ளையை வாயடைக்க வைக்கும் ஆசிரியர் என்றால், பாடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயிற்சிக்குப் பிறகு நடத்துங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்வேன்.

அந்த நாட்களில் மகளை வகுப்பில் உட்கார வைக்கமாட்டேன் என்கிறார் உங்கள் கணவர். சட்டம் இடம் கொடுக்கிறதா என்பது ஊருக்கு ஊர் மாறும். இடம் கொடுத்தாலும், வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அந்த மணி அடித்ததும் அவள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு எல்லோர் கண்முன்னாலும் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும் தோழிகள் நடந்ததைச் சொல்வார்கள், எட்டு வயதுக்காரிகள் சொல்வது போல, பாதி சரியாகவும் பாதி தப்பாகவும். அவளுக்குப் பாடம் கிடைத்துவிடும், ஆசிரியர் மட்டும் கிடைக்கமாட்டார். வகுப்பில் யாருடைய வீட்டிலாவது உண்மையிலேயே இரண்டு அம்மாக்கள் இருக்கலாம். யாருடைய சித்தியோ மாமாவோ திருநங்கையாக, திருநம்பியாக இருக்கலாம். தன் வீட்டைப் பற்றிய கதை தொடங்கும்போது பாதி வகுப்பு எழுந்து போவதை அந்தக் குழந்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் கணவரிடம் இந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுங்கள். மகள் மீது உயிரையே வைத்திருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இது அவருக்குப் புரியும்.

அவரோடு பேசும்போது ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கையெழுத்தைத் திரும்பப் பெறச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரின் எதிர்ப்பால் வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் ஓர் உத்தரவு பிறப்பித்தார். நான் முன்பு சொன்ன சொற்பட்டியலுக்கு வித்திட்ட வழக்கு அதுதான். அந்த வழக்கு வந்தபோது இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று அவர் மறைக்கவில்லை. ஓர் உளவியலாளரிடம் நேரம் வாங்கி, மாணவனைப் போல் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதைத் தன் உத்தரவிலேயே எழுதினார். பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்கள் வழியாகப் பெற்றோருக்கும் இதைப் புரியவைக்க வேண்டும் என்று அந்த உத்தரவில் சொன்னார். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்டிருக்கிறார் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பல ஆண்களுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்ல யாராவது முன்னால் நின்று காட்ட வேண்டியிருக்கிறது.

பள்ளிக்குப் போய் வந்த பிறகும் அவர் மனம் மாறாமல் இருக்கலாம். அப்படியானால் மகளிடம் ஒளிக்க வேண்டாம். “இதில் அப்பா ஒரு மாதிரி நினைக்கிறார், நான் ஒரு மாதிரி நினைக்கிறேன். இரண்டு பேருமே யாரையும் கேலி செய்ய விடமாட்டோம்” என்று இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். இதில் இரண்டாவது வாக்கியத்தை அவர் வாயால் சொல்லட்டும். அதற்கு அவர் சம்மதித்தால், என் கணக்கில் நீங்கள் பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள்.

பிறகு பாடம் நடக்கும் நாட்களில் மாலையில் அவள் பேசுவதைக் கேளுங்கள். ‘இன்று என்ன சொன்னார்கள்’ என்று துருவாதீர்கள். அது விசாரணை போல் ஆகிவிடும். சாப்பிடும்போதோ தலை பின்னும்போதோ தானாக வரும். “இரண்டு அம்மா இருந்தால் யார் திட்டுவார்கள்?” என்று கேட்பாள். “அந்த அக்காவுக்குச் சின்ன வயதில் வேறு பெயர் இருந்ததாமே?” என்று கேட்பாள். கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அவளோடு சேர்ந்து தேடுங்கள். “போய்த் தூங்கு” என்று நீங்கள் சொன்ன இரவை அவள் மறந்திருக்கமாட்டாள். அதனால் முதல் நாள் அவள் கேள்வியைக் கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அப்போது கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்புங்கள்.